ஆங்கில வகுப்பு விறாந்தையில் நிற்பவர்களை அகற்றக் கோருதல்

அனுப்புநர்:
எச். எம். முதலிஹாமி (வயது 73),
வாவிக்கரை வீதி, ஹந்தபானாகலை,
வெல்லவாய.

பெறுநர்:
துணைவேந்தர் அவர்கள்,
ரத்கந்த பல்கலைக்கழகம்.

பொருள்: பொறியியல் பீட முதலாம் வருட மாணவி எச். எம். செவ்மினி ஆங்கில வகுப்பில் வாய் திறக்க விடாமல் தடுக்கப்படுவது தொடர்பாக.

மதிப்புக்குரிய ஐயா,

1. எனக்கு எழுத்து தெரியாது. நீதிமன்ற வாசலில் மனு எழுதும் விமலசூரிய ஐயா நான் சொல்லச் சொல்ல எழுதுகிறார். சில வார்த்தைகள் மனுவுக்குப் பொருந்தாது என்றார். பொருந்தாவிட்டாலும் எழுதுங்கள் என்றேன்.

2. செவ்மினி என் கடைசி மகள். பேத்தியா என்று கேட்பார்கள்; மகள்தான். காட்டை வெட்டிப் பயிர் செய்யும் எங்கள் சேனையில், காவல் பரணில் இருந்து இங்கிலீசு விஞ்ஞானப் புத்தகத்தைச் சத்தம் போட்டு வாசிப்பாள். "முதலிஹாமி அண்ணே, ஒங்க மக போடுற சத்தத்துல யானை அடுத்த ஊருக்கு ஓடிருச்சு" என்று பக்கத்துச் சேனைக்காரர்கள் சிரிப்பார்கள். அந்தப் பிள்ளைக்கு ஆங்கிலத்தில் ஆர்வமில்லை, பேச்சுச் சோதனையில் சித்தியடையவில்லை என்று உங்கள் பீடத்திலிருந்து கடிதம் வந்தது. இம்மாதம் பத்தொன்பதாம் திகதி மறுசோதனை. அதிலும் தவறினால் இரண்டாம் வருடத்துக்குப் போக முடியாதாம்.

3. கடைக்காரர் கடிதத்தை வாசித்துக் காட்டியதும் பஸ் ஏறி வந்தேன். வகுப்பு முடியவில்லை. சன்னலுக்கு வெளியே ஜம்பு மரத்தடியில் நின்றேன். ஆசிரியை அம்மா பலகையில் குளத்து மதகு ஒன்றைக் கீறி ஏதோ கேட்டார். தண்ணீர் எப்படி வெளியேறுகிறது என்பதை, பொறியியலாளர் அறிக்கை எழுதுகிற இங்கிலீசில் சொல்லச் சொன்னாராம். மகள் பிறகு சொன்னாள். பெண் பிள்ளைகள் எல்லாருக்கும் ஒரே மாதிரி இரட்டைப் பின்னல், ரப்பர் செருப்பு. ஒருவரும் பேசவில்லை. என் மகளின் உதடு அசைந்தது. கதவுக்கு வெளியே இருக்கும் விறாந்தையைப் பார்த்தாள், மூடிக்கொண்டாள். அங்கே சிரேஷ்ட மாணவர்கள் நாலைந்து பேர் சுவரில் சாய்ந்து நின்றார்கள். ஐயா, ஆசிரியையும் விறாந்தையைப் பார்த்தார். பார்த்துவிட்டுப் பலகைப் பக்கம் திரும்பி, பதிலைத் தானே எழுதினார். மகளுக்கு ஆர்வமில்லை என்று எழுதியதும் அதே கைதான்.

4. வகுப்பு விட்டதும் விறாந்தையில் நின்றவர்களில் ஒருவன் வந்து என் காலைத் தொட்டுக் கும்பிட்டான். பெயர் மலிந்த, நான்காம் வருடம். "தூரத்துல இருந்து வந்திருக்கீங்க மாமா, வாங்க, ஒரு தேத்தண்ணி குடிப்போம்" என்று வாங்கித் தந்தான். நானும் நல்லாயிரு மகன் என்று வாழ்த்தினேன்.

5. அதன் பிறகுதான் மகள் சொன்னாள். உங்கள் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலத்துக்கு வாள் என்று பெயராம். கிராமத்துப் பிள்ளைகளை வெட்டுவதால் அந்தப் பெயராம். அதனால், மூத்த மாணவர்கள் புதியவர்களை ஆட்டிப்படைக்கும் பகிடிவதைக் காலம் முடியும்வரை முதலாம் வருடத்தார் யாரும் அதைப் பேசக்கூடாதாம். இரட்டைப் பின்னலும் ரப்பர் செருப்பும் அவர்கள் கட்டளைதானாம். ஒருநாள் பதில் சொன்ன ஒரு மாணவனை விடுதிக் கழிவறையில் மண்டியிட வைத்து, குழியைப் பார்த்து அதே பதிலைத் திரும்பத் திரும்பச் சொல்ல வைத்திருக்கிறார்கள், அவன் வாந்தி எடுக்கும்வரை. என் மகளைத் தங்கை முறை வைத்துக் கூப்பிட்டு மலிந்த சொன்னது: "நங்கி, வாளத் தூக்கிப் பாரு. வெட்டு ஒனக்குத்தான்."

6. மாணவர் நலன் அலுவலரிடம் போனேன். "இதெல்லாம் புள்ளைங்க வெளையாட்டு மாமா, போகப் போகச் சரியாயிரும்" என்று கோப்பை மூடினார்.

7. திரும்பும் பஸ்ஸில், ஊருக்குப் போகிற மலிந்த என் பக்கத்து இருக்கையில் வந்து உட்கார்ந்தான். ஒரு தாளைப் பார்த்து வாய்க்குள் இங்கிலீசு முணுமுணுத்தான்.

"என்ன மகன், மந்திரமா?"

"இல்ல மாமா, திங்கக்கிழம எங்க ஆய்வ இங்கிலீசுல எடுத்துச் சொல்லணும். சொல்லாட்டிப் பட்டம் இல்ல."

"அப்ப என் மக?"

"நங்கிக்கு நாலாம் வருஷத்துல தானா வரும். இப்ப எல்லாரும் சமமா இருக்கணும் மாமா."

ஐயா, அவன் கோபமாகச் சொல்லவில்லை. எனக்கு விளங்கவைக்கிற அன்போடு சொன்னான். சொல்லிவிட்டு அந்தத் தாளுக்கே திரும்பினான். அடுத்த தரிப்பிடத்தில் இறங்கிவிட்டேன்.

8. நான் இந்த எழுபத்து மூன்று வயதுவரை மண்ணில் உழைத்தவன். அழுகிய எருமையை இழுத்துப் புதைத்திருக்கிறேன். அப்போது வராத குமட்டல் உங்கள் விறாந்தையை நினைத்தால் வருகிறது. அங்கே நிற்பவர்கள் ஒரு பக்கம். பார்த்தும் பாராதவர்கள் இன்னொரு பக்கம். இதில் எது கூடுதலாக நாறுகிறது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

9. மனுவில் பெயர் போட வேண்டாம் என்று மகள் அழுதாள். பெயரில்லாத மனு குப்பைக்குப் போகும் என்று விமலசூரிய ஐயா சொன்னதால் போட்டிருக்கிறேன். இனி அவளுக்கு ஏதும் நேர்ந்தால், தெரியாது என்று நீங்கள் சொல்ல முடியாது.

ஆகவே, ஆர்வமில்லை என்று எழுதியதை நீக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். மறுசோதனையை அறையைப் பூட்டி ஒளித்து நடத்த வேண்டாம். என் மகள் கள்ளி இல்லை. கதவு திறந்தே இருக்கட்டும்; விறாந்தையைத்தான் வெறுமையாக்கித் தர வேண்டும். அங்கே யாராவது நின்றே ஆக வேண்டும் என்றால், பத்தொன்பதாம் திகதி காலையில் நான் வந்து நிற்கிறேன். அவள் பேசட்டும். எனக்கு ஒரு சொல்லும் விளங்காது. கேட்டுக்கொண்டு நிற்பேன்.

இடம்: வெல்லவாய
திகதி: 04.07.2023

இப்படிக்கு,
எச். எம். முதலிஹாமி
(இடது பெருவிரல் அடையாளம்)