மைக் ஓட்டை இல்லாத கேமரா

8 ஏப்ரல் 2025, செவ்வாய்

திருச்சிப் பள்ளியிலிருந்து வாட்ஸ்அப்பில் பதில் வந்தது. "சைகை நன்றாக இருக்கிறது. ஆனால் விரல்கள் கலங்கித் தெரிகின்றன. 25ஆம் தேதிக்குள் வேறு பதிவு அனுப்பவும்."

காது கேளாத பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கும் வேலை. பத்து நிமிடப் பாடத்தைச் சைகையில் நடத்தி வீடியோவாக அனுப்ப வேண்டும். என் தங்கை இளமதிக்குப் பிறவியிலேயே காது கேட்காது. பி.எட். முடித்துவிட்டு இரண்டு வருடமாக அன்னவாசலில் ஜெராக்ஸ் கடையில் நிற்கிறாள். இந்த வேலைக்கு அவளை விட்டால் வேறு யார்? விரல்தான் அவள் பேச்சு. அதையே என் செல்போன் விழுங்கிவிட்டது.

10 ஏப்ரல், வியாழன்

செல்போனின் முன்பக்கத்தில் எடுத்தால் விரல் கலங்குகிறது. பின்பக்கத்தில் தெளிவாக வருகிறது, ஆனால் தன்னைப் பார்க்க முடியாததால் கையைப் படத்துக்கு வெளியே கொண்டுபோய்விடுகிறாள். கேமராதான் வாங்க வேண்டும். சீட்டுப் பணம் இருபதாயிரம் இருக்கிறது. அதற்கு மேல் மூச்சுவிட முடியாது.

கண் எரிய எரிய யூடியூபில் கேமரா பார்த்தேன். எல்லாரும் ஒரே பாட்டு: படம் சுமாராக இருந்தாலும் பார்ப்பார்கள், சத்தம் சரியில்லை என்றால் ஓடிவிடுவார்கள். நோட்டில் பெரிதாக எழுதி அடிக்கோடு போட்டேன் — மைக் செருகும் இடம் கட்டாயம்.

12 ஏப்ரல், சனி

புதுக்கோட்டைக்கு இரண்டு பேரும் போனோம். கல்யாண வீடியோ எடுக்கும் ஜெரால்டு அண்ணன் பழைய கேமராவும் விற்கிறார். பதினாறாயிரத்துக்கு ஒன்று காட்டினார். "ஆனா இதுல மைக் குத்துற ஓட்டை இல்லங்க. வீடியோ எடுக்குறவங்க சீண்ட மாட்டாங்க. ஒரு வருசமா அங்கிட்டு அலமாரியிலயே கெடக்கு."

வேண்டவே வேண்டாம் என்றேன். இளமதி என் சேலையை இழுத்தாள். மறுபடி இழுத்தாள். பேசி முடிக்கிறேன் இரு என்று கையைத் தட்டிவிட்டேன். மைக் உள்ளது வந்தால் போன் செய்வாராம்.

14 ஏப்ரல், திங்கள்

சித்திரை ஒன்று. பாயசம் வைத்தேன். அவள் தொடவில்லை. இளமதிக்குக் கோபம் வந்தால் கண்ணை மூடிக்கொள்வாள். அப்புறம் நான் எதைச் சொல்லி என்ன? கதவைச் சாத்தியது மாதிரிதான்.

19 ஏப்ரல், சனி

ஜெரால்டு அண்ணன் போன் செய்தார். "மைக் உள்ளது ஒன்னு வந்துருக்குங்க. இருபத்தி நாலு சொல்றாங்க. ஈஸ்டர் முடிஞ்சு திங்கக்கெழம வாங்க."

தோட்டை அடகு வைத்துவிடலாம் என்று ஓடிப்போய் இளமதியிடம் சொன்னேன். என்னையே பார்த்தாள். பிறகு சைகையில் கேட்டாள்: "மைக் யாருக்கு?"

பதில் சொல்லக் கையைத் தூக்கினேன். தூக்கின கை அப்படியே நின்னுபோச்சு. அவளுக்குக் கேக்காது. அந்தப் பிள்ளைகளுக்குக் கேக்காது. பத்து நாளா நான் யாருக்குடி மைக் தேடுனேன்?

"அந்தப் பதினாறாயிரம் கேமராவின் திரை முன்பக்கம் திரும்புகிறது. என் இரண்டு கையும் அதில் முழுசாகத் தெரிந்தது. அதைச் சொல்லத்தான் இழுத்தேன். நீ அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாய்."

எனக்கு அவள் வைத்திருக்கும் பெயர், வாய்க்குப் பக்கத்தில் விரல்களைப் படபடவென்று மூடித் திறப்பது. வாயாடி. இருபத்தைந்து வருடமாகச் சிரித்துக்கொண்டு வாங்கிய பெயர்தான். இன்று சுட்டது. அம்மா போன பிறகு பஸ்ஸில், பேங்கில், ஆஸ்பத்திரியில் அவளுக்காக நான்தானே பேசினேன்? பேசினேன், சரி. ஒரு தடவையாவது அவளைக் கேட்டேனா?

21 ஏப்ரல், திங்கள்

வாங்கியாயிற்று. அந்த ஓட்டை இல்லாததேதான். நான் வாசலில் நின்றுகொண்டேன். இளமதி பேப்பரில் எழுதிக் கேட்டாள், ஜெரால்டு அண்ணன் எழுதிப் பதில் சொன்னார். ஷட்டரை எங்கே வைத்தால் விரல் கலங்காது, சன்னலுக்கு எந்தப் பக்கம் நிற்க வேண்டும், எல்லாம். கிளம்பும்போது என்னிடம், "இதுக்குன்னு மொதல்லயே சொல்லிருக்கலாமுல்ல? நானும் ஒன்னும் கேக்கல பாருங்க" என்று ஆயிரம் குறைத்துக்கொண்டார்.

23 ஏப்ரல், புதன்

தோசையை வெட்டி வெட்டிப் பின்னம் நடத்தினாள். ஒவ்வொரு விரலும் தனித்தனியாகத் தெரிகிறது. நான் கேமராவுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டேன். சாயங்காலம் அனுப்பிவிட்டாள்.

24 ஏப்ரல், வியாழன்

நான்கு தோசை வீண்.

19 மே, திங்கள்

பத்து மணிக்கு வீடியோ அழைப்பு. வழக்கம்போல எடுக்கப் போனேன். இளமதி கையைக் காட்டி நிறுத்தினாள். இந்த வீட்டில் அவளுக்கென்று வந்த முதல் அழைப்பு. நான் அடுப்படி வாசலில் நின்றேன். அவள் முகம் மலர்ந்தது மட்டும் தெரிந்தது. அதுவே போதும் என்று அழுதேன்.

வேலை கிடைத்துவிட்டது. ஜூன் இரண்டாம் தேதி சேர வேண்டும்.

பிறகு சிரிப்பை அடக்க முடியாமல் மீதியைச் சொன்னாள். அங்கே காது கேட்கும் டீச்சர் ஒருவர் இருக்கிறாராம். "பாடம் முழுக்கப் பின்னால் யாரோ கத்திக்கொண்டே இருக்கிறார்களே, கைய ஏத்துடி, சிரிடி, தோசையக் காட்டுடின்னு, யார் அது?" என்று சைகையில் கேட்டாராம்.

கேமராவுக்குள்ளேயே ஒரு குட்டி மைக் இருந்திருக்கிறது. காது கேட்காதவளிடம் பத்து நிமிடம் கத்தியிருக்கிறேன். கத்தியது எனக்கே தெரியவில்லை.

இளமதி என்ன சொன்னாள் என்று கேட்டேன். வாய்க்குப் பக்கத்தில் விரல்களைப் படபடவென்று மூடித் திறந்தாள். அந்தப் பக்கம் எல்லாரும் அதையே செய்து சிரித்தார்களாம்.

துணிப்பெட்டியில் முதலில் கேமராவைத்தான் வைத்தாள். இன்னும் பதினான்கு நாள். அவள் போன பிறகு இந்த வீட்டில் சத்தமே இருக்காது. நான் யாரிடம் கத்துவேன்?