பேருக்குக் கீழே ஒரு வரி

அண்ணே,

பிளெக்ஸ் கடையின் மை வாடை மூக்கில் ஏறிக்கொண்டு இறங்க மாட்டேன் என்கிறது. நாளை உங்கள் முதலாம் ஆண்டு நினைவு நாள். அஞ்சலிப் பலகை அடிக்க இன்று காலை பழங்காநத்தத்தில் அதே பழைய கடைக்குப் போயிருந்தேன். டிசைன் செய்யும் பெண் உங்கள் படத்தை வைத்து, பெயரை அடித்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"பேருக்குக் கீழ என்னக்கா போடணும்?"

ஆறு வருடத்துக்கு முன்னால் இதே கடையில், இதே கேள்விக்கு, ஒரு நொடிகூட யோசிக்காமல் பதில் சொன்னவள் நான்.

என் மகள் பாப்பாவின் காதணி விழாவுக்குப் பதினைந்து நாள் இருந்தது. வேலை நாளில், பட்டப்பகலில் என் வீட்டு வாசலில் நின்றீர்கள். ஒரு சொம்புத் தண்ணீரை நின்றபடியே குடித்து முடித்தீர்கள்.

"ஆபீஸ்ல ஆளக் கொறச்சுட்டாங்க தாயி. என்னையுந்தான். ஒம் மதினிகிட்டகூட இன்னும் சொல்லல. ஒங்கிட்டதான் மொதல்ல சொல்றேன். பிளெக்ஸ்ல எம் பேரு மட்டும் போடு, கீழ ஒண்ணும் வேண்டாம்."

உங்களை உட்காரச் சொல்ல எனக்குத் தோன்றவில்லை. "அப்ப சீரு?" என்று கேட்டேன். என் வாயிலிருந்து முதலில் வந்தது அதுதான், அண்ணே. எத்தனை தடவை மாற்றி நினைத்துப் பார்த்தாலும் அதுதான் வருகிறது.

அதோடும் விட்டேனா? "பேரு மட்டும் போட்டா வேல போயிருச்சுன்னு எம் மாமியா வீட்டு ஆளுகளே கண்டுபிடிச்சிருவாக. விசேஷம் முடியுற வரைக்கும் மதினிகிட்டகூட மூச்சு விடாதீக" என்றேன். நீங்கள் சொம்பைக் கீழே வைத்துவிட்டு, "சரி தாயி" என்றீர்கள்.

எனக்கென்று ஒரு ரூபாய் வருமானம் கிடையாது. புகுந்த வீட்டில் என் பேச்சுக்கு இருந்த மதிப்பெல்லாம் உங்கள் சம்பளம் போட்ட மதிப்பு. அலங்காநல்லூர்ப் பக்கத்து நம் காட்டுவேலைக் குடும்பத்தில் மாதச் சம்பளம் வாங்கிய முதல் ஆள் நீங்கள். உங்களுக்கு மேனேஜராகப் பதவி உயர்வு வந்த வாரம், என் மாமியார் முதல் தோசையை எனக்கு வைத்தார். நானும் அதை வெட்கமில்லாமல் தின்றேன். அடுத்த தோசை யாருக்குப் போகும் என்கிற பயம் அன்றே எனக்குள் வந்துவிட்டது போலிருக்கிறது.

கடைக்குப் போய், "நிதி நிறுவனக் கிளை மேலாளர்" என்று பெரிய எழுத்தில் போடச் சொன்னேன். பத்தடிப் பலகை. கூலிங்கிளாஸ் போட்ட உங்கள் படம். விழாவுக்கு ஒரு வாரம் முன்பே முச்சந்தியில் கட்டிவிட்டார்கள். காலையில் சாப்பாட்டுப் பையோடு ஆபீசுக்குப் போவதுபோல் கிளம்பி, அந்தப் பலகையைத் தாண்டித்தான் போயிருக்கிறீர்கள். மாட்டுத்தாவணி பேருந்து நிலையத்தில் பொழுதுக்கும் உட்கார்ந்திருந்துவிட்டு, ஆபீஸ் விடும் நேரத்துக்குத் திரும்பியிருக்கிறீர்கள். மதினி பிற்பாடு சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

சீர் வந்தது. கொட்டு மேளத்தோடு நூற்றியொரு தாம்பாளம், மாலை போட்ட கிடா, இரண்டு பவுன் சங்கிலி. மைக்கில் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல நான் நிமிர்ந்துகொண்டே போனேன். கையில் இருந்த கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டைக் காட்டி நீங்கள் கடன் வாங்கிய கதை அன்று எனக்குத் தெரியாது. சம்பளம் இல்லாத ஆளுக்கு இம்புட்டு எப்படி வந்தது என்று கேட்டிருக்கலாம். கேட்டால் சீர் நின்றுவிடும் என்று பயந்தேன். பாப்பாவை மடியில் வைத்துக் காது குத்தும்போது நீங்கள் கூட்டத்தைப் பார்க்காமல் தலையைக் குனிந்துகொண்டதைப் பார்த்தேன். பிள்ளை அழுவது தாங்காமல் குனிந்துகொண்டீர்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

பந்தியில் என் சின்ன மாமனார் உங்கள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "மாப்ள, எம் மகன் பி.காம். முடிச்சுட்டுச் சும்மாதான் இருக்கான். ஒங்க ஆபீஸ்ல ஒரு வார்த்த சொல்லிவிடுங்க."

பிசைந்த சோற்றோடு உங்கள் கை நின்றது. நிமிர்ந்து என்னைப் பார்த்தீர்கள். சொல்லிவிடவா என்று கேட்ட பார்வை அது. யாருக்கும் தெரியாமல் தலையை ஆட்டி வேண்டாம் என்றேன்.

"பாப்போம் மாமா" என்றீர்கள். பாதிச் சோற்றோடு இலையை மடித்துவிட்டு எழுந்தீர்கள்.

விழா முடிந்து நாலு மாதத்தில் வாடிப்பட்டி அரிசி மில்லில் சூப்பர்வைசர் வேலை கிடைத்தது. போனில் உங்கள் குரல் லேசாக இருந்தது. "முன்ன வாங்குனதுல கால்வாசிதான் தாயி. ஆனா இப்ப தூக்கம் வருது."

"நல்லதுண்ணே. ஆனா வெளிய சொல்லிக்கிட்டு இருக்க வேண்டாம்" என்றேன். மறுபடியும் அதே "சரி தாயி". அந்தக் கால்வாசியில்தான் என் சீருக்கு வாங்கிய கடனை மாதாமாதம் கட்டினீர்கள். நாலரை வருடம் வாடிப்பட்டி பஸ்ஸில் போய் வந்தீர்கள். அந்த பஸ்ஸிலேயே ஒரு நாள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டீர்கள்.

சாவு வீட்டுக்கு ஒரு லாரியில் ஆட்கள் வந்து இறங்கினார்கள். மூட்டை தூக்குகிறவர்கள், அரிசி புடைக்கிற பெண்கள். ஒரு அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "சனிக்கிழமை மத்தியானமே கூலியக் கையில குடுத்துருவாரும்மா, நாங்க சந்தைக்குப் போகணும்னு. இனிமே யாரு பாக்கப்போறா?" என்று அழுதாள். சின்ன மாமனார் என் காதோரம் குனிந்து, "யாரும்மா இவுக?" என்றார்.

"தெரிஞ்சவுக மாமா."

உங்கள் உடம்பைக் கிடத்தியிருந்த இடத்துக்கு நாலடி தள்ளி நின்று அதைச் சொன்னேன். அந்த நேரத்திலும் எனக்குக் கூச்சமாக இருந்தது, அண்ணே. உங்களுக்காக அழுதுகொண்டே உங்களை மறைத்தேன்.

இன்று கடைக்குப் புறப்படும்போது உங்கள் மாப்பிள்ளை, என் வீட்டுக்காரர், "மேனேஜர்னே போட்டுரு. மில்லுக் கதையெல்லாம் எதுக்கு?" என்று சொல்லிவிட்டு, வெளியே பைக்கில் காத்திருந்தார். அந்தப் பெண் மவுஸில் விரலை வைத்தபடி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பேரு மட்டும் போடும்மா."

"கீழ வெறும் எடமா இருக்குமேக்கா. பாக்க ஒரு மாதிரி இருக்கும்."

"இருக்கட்டும். அவரு கேட்டது அதான்."

அடித்த பிளெக்ஸைச் சுருட்டி வாங்கிக்கொண்டு வெளியே வந்ததும் வீட்டுக்காரர் அதை விரித்துப் பார்த்தார். "இதப் பாத்தா ஆளுக கேப்பாகளே" என்றார்.

"கேக்கட்டும். வாடிப்பட்டி மில்லுல சூப்பர்வைசரா இருந்தாருன்னு நாஞ் சொல்றேன். வேல போனத மொதல்ல எங்கிட்டதான் சொன்னாரு, நாந்தான் வாயப் பொத்துனேன்னும் சொல்றேன்."

அவர் பைக்கைக் கிளப்பினார். சுருட்டிய பிளெக்ஸை மடியில் அணைத்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்து வந்தேன்.

நாளை மில்லுக்காரர்களுக்கும் சாப்பாடு சொல்லியிருக்கிறேன். சின்ன மாமனார் வருவார். அவரிடம்தான் முதலில் சொல்ல வேண்டும்.