அலுமாரிக்குள் இருக்கும் மோட்டார்கள்

ஹேவாஹெட்ட

அன்பு வாப்பாவுக்கு, ஸலாம். முழங்கால் வலி குறைந்ததா? எனக்குச் சுகம்தான், குளிர்தான் பழகவில்லை.

பிள்ளைகள் கையால் செய்து பழகட்டும் என்று நான் படிப்பிக்கும் தேயிலைத் தோட்டப் பாடசாலைக்கு மோட்டார், பல்பு, வயர் எல்லாம் வந்ததை எழுதினேனே. உடைந்தால் யார் பதில் சொல்வது என்று அதிபர் அலுமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார். நேற்று கல்வி அதிகாரி பார்வையிட வந்தபோதுதான் மேசையில் பரப்பினோம். பிள்ளைகளைக் கைகட்டி நிற்கச் சொன்னது நான்தான்.

"இதுல என்ன செஞ்சீங்க?" என்று கேட்டார்.

"தூசி தட்டினோம் சேர்," என்றாள் தரம் ஏழு டிலக்ஷினி.

அவர் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். அலுமாரியை மறுபடி பூட்டியாயிற்று.

உங்கள் ரேடியோ திருத்தும் கடையில் பழுதாய்க் கிடப்பதில் ஒன்றை அனுப்புங்கள், வாப்பா. வகுப்புக்குக் கொண்டுபோக விடமாட்டார்கள். அறையில் நானே கழற்றிக் கழற்றி மாட்டிக்கொண்டிருப்பேன்.

இந்தக் கடிதத்தைக் கொடுத்தனுப்ப வேண்டிய கண்டி பஸ் ஹோர்ன் அடிக்கிறது. ரேடியோ கேட்டதை உம்மாவிடம் சொல்லவேண்டாம்.

மகள் நுஸ்ரா