பூட்டிய வீடு என்று நான் எழுதிய வரிசை

இன்று காலை மார்க்கர் பேனாவின் மூடியைத் திறந்தேன். அந்த நெடி மூக்கில் ஏறியதும் நீ வந்து நின்றுவிட்டாய். பர்தாவின் கையை முழங்கை வரை ஏற்றிவிட்டு, மூடியைப் பல்லில் கடித்தபடி, யாரோ ஒருவர் வீட்டு நிலையில் எண் எழுதிக்கொண்டிருப்பாயே, அதே கோலம். "சாகற வரைக்கும் இந்த நாத்தம் நம்ம கைய விட்டுப் போகாதுடி" என்று அன்று சிரித்தாய். நீ போய்ச் சேர்ந்துவிட்டாய். நாற்றம் என்னிடம் இருக்கிறது.

ஆமாம், மக்கள்தொகைக் கணக்கெடுப்பு மறுபடியும் வந்துவிட்டது. இந்தத் தடவை நீளநீளமான படிவம் கிடையாது, எல்லாம் கைபேசியிலேயே. பயிற்சி வகுப்பில் என் மகள் வயதுப் பெண் ஒருத்தி, "மேடம், சேவ் பண்ணிட்டு சிங்க் குடுங்க" என்று பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தாள். நான் ஓய்வு பெற இன்னும் சில மாதங்கள்தான். உடம்பு முடியவில்லை என்று எழுதிக் கொடுத்துத் தப்பித்திருக்கலாம். ஆனால் "ஜூஜுவாடி லைன் வீட்டுப் பக்கம் யார் போறீங்க?" என்று அதிகாரி கேட்டதும் எல்லாரும் தலையைக் குனிந்துகொள்ள, நான் கையைத் தூக்கினேன். ஏன் தூக்கினேன் என்று தெரிந்த ஒரே ஆள் நீதான். நீயும் இல்லை.

போன கணக்கெடுப்பில் உனக்கும் எனக்கும் பக்கத்துப் பக்கத்துப் பகுதி விழுந்தது. ஒரே பள்ளிக்கூடத்தில் டீச்சர் வேலை, அடுத்தடுத்த வகுப்பு, இப்போது அடுத்தடுத்த தெரு என்று குதித்தோம். உனக்கு அந்த வேலை பிடித்திருந்தது. நீ கன்னடத்தில் கேட்பாய், பதில் தெலுங்கில் வரும், தமிழில் எழுதுவாய். குருபரப்பள்ளியில் பழைய டயர்க் கடை வைத்திருந்த உன் வீட்டுக்காரர்கூட, "பள்ளிக்கூடத்துக்குப் போறப்ப இல்லாத சந்தோஷம் இப்ப முகத்துல தெரியுது" என்று கிண்டல் செய்தார்.

நடந்துகொண்டே கதை சொல்வாய். வெள்ளைக்காரன் காலத்தில் ஆள் எண்ண வந்தபோது, வரி போடத்தான் வருகிறார்கள் என்று ஜனங்கள் பயந்து ஆளைக் குறைத்துச் சொன்னார்களாம். "இப்பப் பாரு, ரேஷனுக்குன்னு வெளியூர்ல இருக்கறவனையும் சேத்துச் சொல்றாங்க. அன்னைக்கும் பொய்தான், இன்னைக்கும் பொய்தான், பக்கம்தான் மாறிப்போச்சு." உலகப் போர் நடந்தபோதுகூடப் பத்து வருஷக் கணக்கு நிற்கவில்லை என்று பெருமையாகச் சொல்வாய். அரசாங்கத்துக்கு நம்மைத் தெரிவதே அந்த ஒரு வழியில்தான் என்பது உன் நம்பிக்கை. நான் அதை எல்லாம் காதில் வாங்கவில்லை. எனக்கு வேலை சீக்கிரம் முடிந்தால் போதும்.

அந்த லைன் வீட்டு வரிசையில் முன்பாதி உனக்கு, பின்பாதி எனக்கு. என் பாதியில் இருபத்திரண்டு அறை. எல்லாருமே கம்பெனி வேலைக்கு வந்தவர்கள். ஆண்கள் கும்பலாகக் குடியிருக்கும் இடம் என்று கேள்விப்பட்டிருந்தேன். தனியாகப் போய்க் கதவைத் தட்டி, உள்ளே எத்தனை பேர் என்று கேட்க எனக்குக் கூச்சம், பயம் இரண்டும் இருந்தன. போனால், ஒவ்வொரு கதவிலும் வெளியே பூட்டு தொங்கியது. உண்மையைச் சொல்கிறேன், எனக்கு அப்பாடா என்று இருந்தது. வரிசையாகப் 'பூட்டிய வீடு' என்று எழுதினேன். மூன்று தடவை போய்ப் பார்த்ததாக எழுதினேன். போனது ஒரு தடவை.

கூட்டத்தில் முதல் ஆளாக முடித்துக் கொடுத்ததற்கு மேற்பார்வையாளர் என்னை எழுந்து நிற்கச் சொன்னார். எல்லாரும் கை தட்டினார்கள். நீயும் தட்டினாய்.

இரண்டு நாள் கழித்து மதியம் ஓடி வந்தாய். மூச்சு வாங்கியது. "யா அல்லா, நம்ம ரெண்டு பேருமே கூமுட்டைங்கடி. அந்தப் பூட்டின வீட்டுக்குள்ள ஆளிருக்கு!" என்றாய். உன் பாதியில் ஒரு பூட்டிய கதவுக்கு எண் எழுதும்போது உள்ளே இருமல் கேட்டிருக்கிறது. தட்டினால் ஜன்னல் திறந்திருக்கிறது. மூன்றாம் ஷிப்ட் முடித்து வந்தவன் உள்ளே தூங்குகிறான். பகல் ஷிப்டுக்குப் போகிறவர், தூங்குகிற ஆளை யாரும் தட்டி எழுப்பிவிடக் கூடாது என்று வெளியே பூட்டிவிட்டுப் போகிறார். அந்த வரிசை முழுக்க அதுதான் வழக்கமாம். புருஷன் பெண்டாட்டி எதிரெதிர் ஷிப்டில் இருக்கிற வீடுகளில், தூங்குகிற அப்பனோடு பிள்ளையையும் சேர்த்து உள்ளே வைத்துப் பூட்டிவிட்டுப் போகிறாள் அம்மா.

"பூட்டு வெளிய தொங்குது. உள்ள யாருன்னு பூட்டுக்குத் தெரியுமா? என்னுதெல்லாம் மறுபடி எழுதிட்டேன். விட்டுப்போனதைச் சேக்கறதுக்கு இன்னும் நாள் குடுத்திருக்காங்கல்ல, கெளம்பு, உன் பாதியையும் தட்டிடலாம்" என்றாய்.

நான் கிளம்பவில்லை. தாள் போய்ச் சேர்ந்துவிட்டது, இனி மாற்றினால் மேற்பார்வையாளர் திட்டுவார், பத்தாம் வகுப்புப் பரீட்சை வேறு வருகிறது என்று சாக்குச் சொன்னேன். கை தட்டல் வாங்கி இரண்டே நாளில் போய், நான் பொய் எழுதினேன் என்று சொல்ல எனக்கு மானம் இடம் கொடுக்கவில்லை. அவ்வளவுதான் காரணம். "ரெண்டு மூணு வீடு விட்டுப்போனா நாடு என்ன கொறஞ்சா போயிடும்?" என்று உன்னிடமே எரிந்து விழுந்தேன். இருபத்திரண்டு வீட்டை இரண்டு மூன்று என்றேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவள் என்று என்னைத்தான் சொல்ல வேண்டும்.

அதற்கடுத்த வருஷம் ஒரு காலை, இறைவணக்கம் முடியும் நேரத்தில், அந்த வரிசையிலிருந்து ஒரு பெண் பள்ளிக்கூடத்துக்குள் அலறிக்கொண்டு வந்தாள். நாம் இருவரும் ஓடினோம். கல்லாவியிலிருந்து வந்து கார்மென்ட்ஸில் வேலை பார்த்த மல்லிகாவின் அறை. சோற்றை வடிக்க வைத்துவிட்டு, கதவைப் பூட்டிக்கொண்டு கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க ஓடியிருக்கிறாள். மூன்று வயசு பவித்ரா பானையை இழுத்து, கொதிக்கிற கஞ்சியைக் கையில் கொட்டிக்கொண்டது. அப்பன் செத்த பிணம்போலத் தூங்கியவன், அலறல் கேட்டு எழுந்து உள்ளேயிருந்து கதவை முட்டுகிறான். சாவி அவளோடு மாநில பார்டரைத் தாண்டி அத்திப்பள்ளிப் பக்கம் பஸ்ஸில் போய்க்கொண்டிருக்கிறது. நாம் போய்ச் சேரும்போதுதான் பக்கத்து வீட்டார் கல்லால் அடித்துப் பூட்டை உடைத்தார்கள். பிள்ளையை நீதான் தூக்கினாய். ஆட்டோவில் நீ ஏறினாய். நான் கதவுப் பக்கத்தில் நின்றேன். நிலையில் என் கையெழுத்தில் எண் இருந்தது.

பிள்ளை பிழைத்தது. இடது கை விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டுவிட்டன. ஆஸ்பத்திரிக்குப் பார்க்கப் போனபோது மல்லிகா உன் கையைப் பிடித்துக்கொண்டு, "பக்கத்துல ஒரு அங்கன்வாடி இருந்திருந்தா எதுக்குங்க டீச்சர் பூட்டிட்டுப் போறேன்? எனக்கென்ன ஆசையா?" என்று அழுதாள்.

அந்த ஒரு வார்த்தையை நீ பிடித்துக்கொண்டாய். அந்த வரிசைக்கு ஒரு அங்கன்வாடி வாங்கிவிட வேண்டும் என்று மனு எழுதினாய். கிருஷ்ணகிரிக்குப் போனோம், நானும் கூட வந்தேன். அங்கே அங்கன்வாடித் துறை அலுவலர் நல்ல மனுஷர்தான். உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுக்கச் சொன்னார், தாளைப் புரட்டிப் பார்த்தார்.

"மேடம், முன்பாதியில கொஞ்சம் பிள்ளைங்க இருக்காங்க, அது பத்தாது. பின்பாதி மொத்தமும் சென்சஸ்ல பூட்டின வீடு. ஜனத்தொகையே இல்ல. இல்லாத பிள்ளைங்களுக்கு நான் எப்படிங்க சென்டர் கேக்கறது?"

"இருக்காங்க சார். நான் கண்ணால பாத்தேன்."

"நீங்க பாத்தீங்க, சரி. நானே சர்வே எடுத்து அனுப்பினாலும் மேல இந்தத் தாளோடதான் ஒட்டிப் பாப்பாங்க. அடுத்த கணக்கெடுப்பு வரட்டும்."

நான் உன் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். நீ என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவர் தண்ணீர் கொடுத்ததற்கு நன்றி சொல்லிவிட்டு எழுந்தாய்.

பஸ் சூளகிரியைத் தாண்டியது. பிறகு நான்தான், "யாரு எழுதுனதுன்னு சொல்லியிருக்கலாம்ல" என்றேன். நீ ஜன்னலைப் பார்த்தபடி, "சொன்னா உன் வேலை போகும், சென்டரும் வராது. ரெண்டுல ஒண்ணாவது மிஞ்சட்டும்" என்றாய். நீ திட்டியிருக்கலாம். நாலு பேர் முன்னால் என்னைக் கிழித்துப் போட்டிருக்கலாம். நீ காட்டிக்கொடுக்காமல் விட்டதை என்னால் இன்றுவரை தாங்க முடியவில்லை.

அதற்குப் பிறகு வருஷம் தவறாமல் மனு எழுதினாய். எல்லாம் கிணற்றில் போட்ட கல். எதற்கு வீண்வேலை என்று நான் சலித்துக்கொண்டால், "ஊதற சங்கை ஊதுவோம், விடியறப்ப விடியட்டும்" என்பாய். அடுத்த கணக்கெடுப்புக்கு அந்த வரிசையை நீயே கேட்டு வாங்கப்போவதாகச் சொன்னாய். "ஒவ்வொரு கதவா தட்டறேன். தூங்கறவன் வஞ்சாலும் பரவால்ல."

கணக்கெடுப்பு வந்திருக்க வேண்டிய வருஷத்தில் கொரோனா வந்தது. போருக்கு நிற்காத கணக்கு அதற்கு நின்றது. இரண்டாம் அலையில் உன்னையும் கொண்டுபோனது. உன்னைப் புதைத்த கபர்ஸ்தானுக்குள் பெண்கள் போகாவிட்டாலும் வெளிச்சுவர் வரையாவது வந்திருப்பேன். தெருவில் இறங்கவே விடவில்லை. அதற்குப் பிறகு வருஷம் வருஷமாகத் தள்ளிப்போட்டார்கள். என் பொய்க்கு அத்தனை வருஷம் ஆயுள் நீண்டது. அந்தத் தாளை வைத்துத்தான் அதுவரை எல்லாவற்றையும் பங்கிட்டார்கள். மல்லிகா குடும்பம் எங்கே போனது என்று யாருக்கும் தெரியவில்லை. பவித்ராவுக்கு இப்போது வேலைக்குப் போகிற வயசு. இங்கே கம்பெனிகளில் பெண்பிள்ளைகளை வேலைக்கு எடுக்கும்போது விரல்களை மடக்கி நீட்டச் சொல்லிப் பார்க்கிறார்கள்.

இன்று அங்கே போனேன். ஓட்டு வரிசையை இடித்துவிட்டு மூன்று மாடி கட்டியிருக்கிறார்கள். ஆட்களும் மாறிவிட்டார்கள், பாதிக்கு மேல் வடக்கிலிருந்து வந்தவர்கள். பூட்டு மட்டும் அதே மாதிரி வெளியே தொங்குகிறது. நான் தட்டினேன். ஒரு கதவு விடாமல் தட்டினேன். வசவும் வாங்கினேன், பாஷை புரியாததால் வலிக்கவில்லை.

இரண்டாம் மாடியில் ஒரு கதவைத் தட்டியதும் உள்ளே சின்னக் குரல் ஏதோ சொன்னது. "மம்மி டூட்டி" என்பது மட்டும் புரிந்தது. உனக்கிருந்த உருது எனக்கு இருந்தால் அந்தப் பிள்ளையோடு நாலு வார்த்தை பேசியிருப்பேன். கொஞ்ச நேரத்தில் அப்பன் கண்ணைக் கசக்கிக்கொண்டு ஜன்னலுக்கு வந்தான். எத்தனை பேர் என்று கையால் கேட்டேன். மூன்று விரல் காட்டினான். பிள்ளைக்கு என்ன வயசு என்று, படிவத்தில் இல்லாததையும் கேட்டேன். நான்கு விரல் காட்டினான். எல்லாவற்றையும் சரியாக ஏற்றினேன். பதிவாகிவிட்டது என்று கைபேசி சொன்னது.

கீழே வந்து மேற்பார்வையாளரிடம் கேட்டேன், சின்ன வயசுக்காரர். "தம்பி, இதை வெச்சு இங்க ஒரு அங்கன்வாடி வருமா?"

"இது வீட்டுக் கணக்குதானே மேடம். ஆள் கணக்கு இனிமேதான். அதை எல்லாம் கூட்டி வெளியிடணும், அப்புறம் துறைக்குப் போகணும், அவங்க கேக்கணும், பணம் ஒதுக்கணும். வரும் மேடம், ஏன் வராது? வருஷம் ஆகும்."

அங்கன்வாடியில் ஐந்து வயசு வரைதான் வைத்துக்கொள்வார்கள். மேலே இருக்கிற பிள்ளைக்கு நான்கு.

நீ செய்ய நினைத்ததைச் செய்துவிட்டேன் என்று உனக்கு எழுதத்தான் உட்கார்ந்தேன். அப்படி எழுத வரவில்லை. உன்னிடமிருந்து எனக்கு மிஞ்சியது ஒரே ஒரு பழக்கம்தான். எந்த ஊரில் எந்தத் தெருவில் பூட்டிய கதவைக் கண்டாலும் நின்று காதை வைத்துக் கேட்கிறேன். உள்ளே யாராவது இருந்தால் எனக்குத் தெரிந்துவிடுகிறது. சாவிதான் என்னிடம் இல்லை.