பேசாதை, கதைப்பம்

ஓஸ்லோவில், ட்வெய்ட்டா கடைவாசலில் ஈஸ்டருக்கு ஆரஞ்சு குவித்துவிட்டார்கள். பனி இன்னும் முழுதாகக் கரையவில்லை, அதற்குள் தோல் உரிக்கும் வாசனை. எனக்கு உன்மேல் கோபம்தான் வந்தது. ஆரஞ்சைத் தோடம்பழம் என்று சொல்ல இனி எனக்கு யார் இருக்கிறார்கள்?

பல்கலைக்கழகத்தில் இயற்பியல் ஆய்வுக்கு நமக்கு ஒரே அறை. நான் மதுரைக்காரி, நீ இங்கேயே ஃபுருசெத்தில் வளர்ந்த யாழ்ப்பாணத்து வீட்டுப் பிள்ளை. முதல் வாரமே "உன்கிட்ட கொஞ்சம் பேசணும்" என்றேன். உன் முகம் சுண்டிப்போயிற்று. "என்ன பேசப் போறாய்? நான் என்ன பிழை செய்தனான்?" உங்கள் வீட்டில் பேசுவதென்றால் திட்டுவது, கதைப்பதுதான் பேச்சு என்று எனக்கு எப்படித் தெரியும்? அன்றிலிருந்து அது நம் கேலியாயிற்று.

ஆய்விலும் இரண்டு கட்சி. ஓர் இடத்துக்குள் இருக்கும் அத்தனை தகவலும் அதன் மேற்பரப்பிலேயே எழுதப்பட்டிருக்கிறது என்னும் ஹோலோகிராம் கொள்கை என்னுடையது. பழத்தைக் காட்டி விளக்கினேன். "தோலிலை எல்லாம் இருக்கெண்டா அதை நீ வைச்சிரு, சுளை எனக்கு" என்று தின்று தீர்த்தாய். வெளியும் காலமும் பொடி மணிகளால் ஆனவை என்பது உன் கட்சி. அதற்கு உன் வீட்டுப் புட்டு வந்தது. "தூரத்திலை பாத்தா ஒரே கட்டி. கிட்டப் பார், மணிமணியா இருக்கு. வெளியும் இப்பிடித்தானடி."

நீ ஆஸ்பத்திரியில் இருந்தபோது என் கணக்கு முட்டி நின்றது. மேற்பரப்பில் கொள்ளும் தகவலுக்கு ஓர் எல்லை உண்டு. எல்லை உண்டென்றால், அந்தத் தோலே சின்னஞ்சிறு துண்டுகளால் ஆனதாகத்தானே இருக்க வேண்டும்? என் தோலுக்குள் உன் மணி! தோற்றதை நேரில் சொல்லி உன் முகத்தைப் பார்க்க ஆசை. துரொண்ட்ஹெய்ம் கருத்தரங்கிலிருந்து "வந்ததும் உன்கிட்ட பேசணும்" என்று மட்டும் அனுப்பினேன். "ஓம், வா. ஆனா பேசாதை, கதைப்பம்" என்று பதில் போட்டாய். ரயில் ஓஸ்லோவை நெருங்கும்போது உன் அண்ணா அழைத்தார். நீ போய்விட்டாய் என்றார்.

நீதான் வென்றாய் என்று அன்றே நான் ஒரு வரி எழுதியிருக்கலாமே. மனசு ஆறமாட்டேன் என்கிறது.

போன வாரம் மதுரைக்கு ஃபோன் செய்து, "அம்மா, அப்புறம் கதைக்கிறேன்" என்றேன். "என்னடி, கதை விடப்போறியா?" என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இன்று ஒரு தோடம்பழம் வாங்கிவந்து நம் அறையில் உரித்தேன். தோலை நான் எடுத்துக்கொண்டு சுளையை உன் மேசையில் வைத்தேன். சாயங்காலம் வரை அது அப்படியே இருந்தது.