நேற்று வந்த எண் இன்று வராது

செவ்வாய்க்கிழமை

கீச்சுக்குரலாலேயே கட்டிடங்களை ஆட வைக்கும் என் அருமை மருமகள் கொசுவுக்கு,

நகரத்து லிஃப்டுகள் அனைத்துக்கும் சக்கரவர்த்தியும், உன் அம்மாவின் ஒரே தம்பியுமான மாமா எழுதுவது. இங்கே நானும் உன் அத்தையும் நலம். நலம் என்று எழுதுகிறேனே தவிர, கோபத்தில் என் காதிலிருந்து வரும் புகையில் பக்கத்து வீட்டுக்காரர் ஜன்னலைச் சாத்திவிட்டார்.

நான்கு நாளாக நீ ஃபோனை எடுக்கவில்லை. அதனால்தான் காகிதத்தில் இறங்கிவிட்டேன். இதை நீ பாதியில் துண்டிக்க முடியாது.

அக்கா சொல்லித்தான் எனக்கு விஷயமே தெரியும். உங்கள் புள்ளியியல் வாத்தியாரம்மா, உன் பயிற்சியில் உள்ள எண்களை நீயே அறையில் உட்கார்ந்து புனைந்தாய் என்கிறாராமே? மாதக் கடைசியில் விசாரணையாமே? நிரூபணமானால் அந்தப் பாடத்தில் பூஜ்யம், அடுத்த வருடம் ஆய்வுக்கூடத்தில் இடமில்லை என்றாராமே? இதைக் கேட்டதும் நான் போட்ட சத்தத்தில் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி விரிசல் விட்டது.

புனைவதா? நீயா? ஒரே மனிதரிடம் நாற்பது நாள் ஒரே அளவை எடுத்து, அதன் சராசரி என்ன, எவ்வளவு சிதறுகிறது என்று கணக்குப் போட வேண்டும் என்றாய். உலகத்தில் எண்ணூறு கோடிப் பேர் இருக்க, என்னைத் தேர்ந்தெடுத்தாய். பிரஷர் மெஷினைப் பார்சலில் அனுப்பினாய். தினம் காலை ஏழு மணிக்குத் தவறாமல் ஃபோன். "மாமா, இன்னிக்கு மேல் எண் எவ்வளவு?" என்பாய். 122 என்பேன். மறுநாள் 125. அப்புறம் 121. நாற்பது நாள். சூரியன்கூட ஓரிரு நாள் மேகத்தைச் சாக்குச் சொல்லியிருக்கும், நீ சொல்லவில்லை.

போன வாரம் ஒரு அடுக்குமாடியில் லிஃப்டைப் பழுதுபார்க்கப் போனபோதும் இப்படித்தான் ரத்தம் கொதித்தது. அளவுக்கு மேல் ஆள் ஏறினால் லிஃப்டில் மணி அடிக்கும் இல்லையா? அந்தச் சத்தம் தொந்தரவாக இருக்கிறதென்று குடியிருப்போர் சங்கச் செயலாளர் ஆளைவிட்டு மணியின் ஒயரை அறுத்துவிட்டார். "இப்ப அமைதியா இருக்குல்ல?" என்று என்னிடமே பெருமை பேசினார். "அமைதியாத்தான் இருக்கும் சார், கீழ போய் விழுற வரைக்கும்" என்றேன். நான் திட்டிய திட்டில் மனிதர் இன்னும் படிக்கட்டில்தான் ஏறுகிறார்.

அதே வாயோடு உங்கள் பல்கலைக்கழகத்துக்கு வரட்டுமா? பொய் என்பதற்கு என்ன ஆதாரம் என்று அந்த அம்மாவைக் கேள். எழுதித் தரச் சொல். காட்டட்டும், பார்க்கிறேன்.

எதற்கும் கலங்காதே. சாப்பாட்டில் கோபத்தைக் காட்டாதே.

உன் படைத்தளபதி,
மாமா


அடுத்த வாரம், வெள்ளிக்கிழமை

அன்புள்ள கொசுவுக்கு,

உன் பதில் வந்தது. ஒன்றரைப் பக்கம். நலம் விசாரிப்பு இல்லை, "மாமா" என்ற வார்த்தைகூட ஒரே ஓர் இடத்தில்தான். அந்த இடத்தைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

ஆதாரம் கேட்டேன், அனுப்பிவிட்டாய். உன் வாத்தியாரம்மா சொன்னதை அப்படியே எழுதியிருக்கிறாய்: "நாற்பது நாளும் 119லேருந்து 126க்குள்ளயே சுத்தி வந்திருக்கு. இது மனுஷனோட பிரஷரா, சுவத்துல அடிச்ச பெயின்டா? அதைக்கூட விடும்மா. ஒரு நாள்கூட நேத்து வந்த எண் இன்னிக்குத் திரும்ப வரல. எட்டே எட்டு எண்ணை வெச்சுக்கிட்டு, தற்செயலா அப்படி நடக்க ஆயிரத்துல அஞ்சாறு வாய்ப்புதான். மெஷினுக்கு வெக்கம் கிடையாது, அதே எண்ணைத் திரும்பவும் சொல்லும். பொய் சொல்றவங்கதான் மாத்தி மாத்திச் சொல்லுவாங்க."

இதை நான் பதினோராவது மாடி மெஷின் அறையில் நின்றுகொண்டு படித்தேன். படித்து முடித்ததும் உட்கார்ந்துவிட்டேன்.

எவ்வளவு கெட்டிக்காரப் பெண்மணி! என் முகத்தைப் பார்க்காமலேயே என் திருட்டு முழியைப் பார்த்துவிட்டார். ஆமாம், ஒரே எண்ணை அடுத்தடுத்துச் சொன்னால் நீ சந்தேகப்படுவாய் என்று, தினம் ஆறு ஐம்பதுக்கு முந்தின நாள் சொன்னதை ஞாபகப்படுத்தி, வேறொன்றைத் தயார் செய்தேன். நேற்று 124 என்றால் இன்று 121. நாற்பது நாளும் பல் துலக்கினேனோ இல்லையோ, இதை மறக்கவில்லை.

இப்போது கோபம் யார்மேல் என்று கேட்கிறாயா? முதலில் உன்மேல்தான். பத்தொன்பது வருடமாக என்னைத் தெரியுமே உனக்கு! லிஃப்டுக் குழியில் சுண்டெலியைப் பார்த்துவிட்டு வந்து, காண்டாமிருகத்தோடு மல்லுக்கட்டினேன் என்று சொன்னவனல்லவா நான்? இருபது நிமிஷம் மின்சாரம் நின்றதை மூன்று நாள் என்று உன் பள்ளிக்கூடத்தில் வந்து சாதித்தவனல்லவா? இப்படிப்பட்டவனின் வாயை நம்பி, மெஷினின் படத்தைக்கூடக் கேட்காமல் எழுதிக்கொள்வாயா? விஞ்ஞானம் படிக்கிற பெண்ணா நீ?

ஆனால் அந்த ஒரே ஓர் இடம். "உன் மாமா சொல்றதை எப்படி நம்பின?" என்று அவர் கேட்டதற்கு நீ சொன்ன பதில்: "எங்க மாமா பொய் சொல்லுவாரு மேடம். ஆனா எப்பவும் பெருசாத்தான் சொல்லுவாரு. குறைச்சுச் சொல்ல அவருக்குத் தெரியாது."

அந்த வரியைத் தாண்ட எனக்கு நான்கு நாள் ஆனது.

கொசு, வாழ்நாளில் ஒரே ஒரு விஷயத்தைத்தான் குறைத்துச் சொன்னேன். முதல் நாள் மெஷின் 158 காட்டியது. மெஷின் கோளாறு என்று தட்டினேன். இரண்டாம் முறை 161. நீ ஃபோனில் காத்திருந்தாய். பின்னால் அத்தை நின்றிருந்தாள். வாயில் 122 வந்துவிட்டது. அவ்வளவுதான், மறுநாள் 158க்குத் திரும்ப வழியில்லை. எங்கள் கம்பெனியில் பிரஷர் உள்ளவனைக் குழிக்குள் இறக்க மாட்டார்கள். மேஜையில் உட்காரவைத்து, "லிஃப்டு நின்னுபோச்சுங்களா, எந்த மாடிங்க?" என்று ஃபோனில் கேட்கவிடுவார்கள். சக்கரவர்த்திக்கு அந்த வேலையா? உன் தாத்தாவும் இதே ஐம்பத்திரண்டு வயதில்தான் ஒருநாள் காலை தலை சுற்றுகிறது என்றார். அதற்கு மேல் உன் அம்மாவுக்குத் தெரியும், அவளிடம் கேட்காதே.

அந்தச் செயலாளரையும் இந்த வாரம் நினைத்துக்கொண்டேன். அவராவது மணியின் ஒயரை வேறு ஆளைவிட்டு அறுத்தார்.

சரி, காரியத்துக்கு வருகிறேன். பொய்யை உன்னிடம் சொன்னேனே தவிர, அளப்பதை ஒரு நாளும் விடவில்லை. தினமும் மெஷின் காட்டியதை அப்படியே ஒரு சர்வீஸ் அட்டையின் பின்பக்கத்தில் குறித்து, கருவிப்பெட்டியில் ஒளித்துவைத்திருந்தேன். எந்த லிஃப்டைப் பார்த்தாலும் தேதி போட்டு அளவை எழுதாமல் இறங்கிப் பழக்கமில்லாத கை இது. அந்த அட்டையை இதோடு வைத்திருக்கிறேன். கிரீஸ் கறைக்கு மன்னித்துவிடு. நாற்பது எண்கள். குறைந்தது 141. கூடியது 193, அது தலை சுற்றி மெஷின் அறைக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்ற நாள். பதினெட்டு, பத்தொன்பது, இருபதாம் நாட்களைப் பார். 168, 168, 168. நேற்று வந்த எண் இன்றும் வந்திருக்கிறது, நாளையும் வந்திருக்கிறது. உன் வாத்தியாரம்மாவுக்குப் பிடிக்கும்.

இன்னொரு காகிதம், அவருக்கு. "மேற்படி பெண் ஓர் எண்ணையும் புனையவில்லை, புனைந்தவன் நான்" என்று எழுதி, கையெழுத்துப் போட்டிருக்கிறேன். என் வாழ்க்கையில் அடைமொழியே இல்லாமல் எழுதிய முதல் கடிதம். விசாரணைக்கும் வருகிறேன். வாசலில் பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன், கூப்பிட்டால் உள்ளே வருவேன். சத்தம் போட மாட்டேன். அன்று விடுப்பு வேண்டும் என்று மேற்பார்வையாளரிடம் கேட்டேன், காரணம் கேட்டார், சொல்லிவிட்டேன். திங்கட்கிழமையிலிருந்து மேஜைதான். எந்த மாடிங்க, எந்த மாடிங்க.

அத்தையிடம் நேற்றுச் சொன்னேன். அவள் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். கருவிப்பெட்டியைத் தூக்கி அலமாரிக்குமேல் வைத்துவிட்டு, டாக்டரிடம் நேரம் வாங்கிவிட்டாள். அக்காவிடம் மட்டும் நீயாகச் சொல்லாதே, விசாரணை முடிந்ததும் நானே அவள் எதிரில் உட்கார்ந்து சொல்கிறேன்.

நீ நன்றாகப் படி. சரியான எண்களைப் போட்டு உன் பயிற்சியின் வரைபடத்தை மறுபடி வரை, கோணல்மாணலாக வரட்டும். எல்லா ஆசீர்வாதமும் உனக்கு, என் வழக்கப்படி லட்சம் மடங்கு, இதில் மட்டும் ஒரு சொட்டும் குறைக்கவில்லை.

இன்று காலை 172. நீ கேட்கவில்லை, நானாகத்தான் சொல்கிறேன். ஏழு மணியிலிருந்து ஏழரைவரை ஃபோனைக் கையிலேயே வைத்திருக்கிறேன், தினமும். பயிற்சி முடிந்துவிட்டதுதான், எனக்குத் தெரியும். ஆனாலும் கேள்.

மாமா