கடைசி நாலு ஆயில் டப்பா

என் பிரியமான சாமு அண்ணா,

நீ போய் நாலு மாதம் ஆகிவிட்டது. இதை உனக்குத்தான் எழுதுகிறேன். ஆனால் ஆம்பூர் பழைய வண்டிக்காரர்கள் குரூப்பில் எல்லாரும் படிக்கிற மாதிரி போடப்போகிறேன். உன் பேரைக் கெடுத்த பேச்சு அங்கேதான் பரவியது. அதைத் திருத்துகிற பேச்சும் அங்கேயே வரட்டும் என்று அண்ணி சொல்லிவிட்டார்கள்.

உனக்குத் தெரிந்ததையே முதலில் கொஞ்சம் சொல்கிறேன். தெரியாதவர்களும் படிப்பார்கள் இல்லையா? நீ தோல் ஃபேக்டரியில் ஃபிட்டர். வெளிநாட்டிலிருந்து ஆள் வந்து ஃபேக்டரியைப் பார்வையிடுகிறார்கள் என்று ஒருநாள் வண்டி ஸ்டாண்டைக் கழுவினார்கள். அன்றிலிருந்து ஆயில் சொட்டுகிற வண்டி உள்ளே வரக்கூடாது என்றார்கள். பழைய பெரிய வண்டிகள் எல்லாமே சொட்டும். இன்ஜின் உள்ளே சேருகிற காற்று ஒரு சின்னக் குழாய் வழியாக வெளியே வரும்போது ஆயிலையும் கூட்டிக்கொண்டு வரும். உன் தோஸ்துகள் எல்லாரும் வண்டியை வெளியே வெயிலில் விட்டுவிட்டு வேலைக்குப் போனார்கள்.

நீதான் வழி கண்டுபிடித்தாய். ஃபேக்டரிக்குத் தோல் சாயம் சாம்பிளாக வருகிற அலுமினிய பாட்டிலை எடுத்து, மூடியில் இரண்டு ஓட்டை போட்டாய். ஒன்றில் இன்ஜின் குழாய் வந்து சேரும். இன்னொன்றில் காற்று வெளியேறும். நடுவில் பாத்திரம் தேய்க்கிற ஸ்டீல் நாரைப் பிரித்து இளக்கமாக வைத்தாய். ஆயில் அதில் ஒட்டி பாட்டிலுக்குள் இறங்கிவிடும். "காத்து போவணும், ஆயில் தங்கணும். அவ்ளோதான் இதுக்கு வேலை" என்பாய். அப்படி ஏழு வண்டிக்குச் செய்து மாட்டினாய். ஏழும் ஸ்டாண்டுக்குள் போயின.

இன்னும் மூன்று பேர் கேட்டார்கள். உன் வண்டிக்கும் ஒன்று பாக்கி இருந்தது. அதற்குள் உனக்கு மஞ்சள் காமாலை வந்துவிட்டது.

நீ கட்டிலில் படுத்தபடி சொல்லச் சொல்ல நான் செய்தேன். ஓட்டை போட்டேன், குழாய் மாட்டுகிற முனையைப் பொருத்தினேன், கிளிப்பை முறுக்கினேன். ஷூ கம்பெனியில் தையல் சரியாக இருக்கிறதா என்று பார்க்கிற வேலை எனக்கு. கை நேராகத்தான் இருக்கும். நார் வைக்கிற நேரத்தில் பார்த்தால் நார் இல்லை. கடை தெருமுனையில்தான். ஓவர்டைம் பார்த்துவிட்டு வந்த கால், எழுந்திருக்க மனம் வரவில்லை. என் பையில் கட்டிங் செக்‌ஷனில் பொறுக்கிய ஃபோம் துண்டுகள் கிடந்தன, ஷூவுக்குள் மெத்தென்று இருக்க வைப்பார்களே, அது. அதைக் கிழித்து நாலு பாட்டிலிலும் அடைத்தேன்.

"நாரு இளக்கமா வெச்சியா?" என்று கேட்டாய்.

"வெச்சேண்ணா" என்றேன்.

நீ கொஞ்ச நேரம் என்னையே பார்த்தாய். கண் மஞ்சளாக இருந்தது. உனக்குச் சந்தேகம் வந்ததா? இல்லை, பேசத் தெம்பில்லாமல்தான் பார்த்துக்கொண்டிருந்தாயா? அதற்கப்புறம் பதினோரு நாள்தான் இருந்தாய். ஒருநாளாவது நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

போன வெள்ளிக்கிழமை காலையில் இம்தியாஸ் பாய் விழுந்துவிட்டார். உன்னோடு பாய்லர் பக்கம் வேலை செய்தவர், உனக்கு ஆஸ்பத்திரியில் மூன்று ராத்திரி துணைக்கு இருந்தவர். பைபாஸிலிருந்து சர்வீஸ் ரோட்டுக்குத் திரும்புகிற வளைவில் பின் சக்கரம் வழுக்கி, வண்டி காலின்மேல் விழுந்திருக்கிறது. முழங்காலுக்குக் கீழே இரண்டு இடத்தில் எலும்பு முறிவு. டயர் முழுக்க ஆயில் என்றார்கள். அவர் வண்டியில் இருந்தது நான் செய்த நாலில் ஒன்று. ஆனால் வாயைத் திறக்கவில்லை.

சனிக்கிழமை அவருடைய மச்சான் ஜமீல் குரூப்பில் வாய்ஸ் மெசேஜ் போட்டார். "செத்தவரப் பத்திப் பேசக் கூடாது. ஆனா சாமுவேல் செஞ்ச டப்பா யார் வண்டில இருந்தாலும் கழட்டிக் கடாசுங்க. மனுசன் காலு போச்சு." சாயந்திரம் வீட்டுக்கும் வந்தார். சத்தம் போடவில்லை. கதவருகே நின்றபடியே சொன்னார்:

"தெரியாத வேலைய உங்க வூட்டுக்காரர் ஏன்மா செஞ்சாரு?"

அண்ணி கையைக் கூப்பினார்கள். "மன்னிச்சிடுங்க. அவரு வேணும்னு செஞ்சிருக்க மாட்டாரு" என்றார்கள். நான் பக்கத்தில்தான் நின்றேன், அண்ணா. கையில் டீ டம்ளர் இருந்தது. அதை ஜமீலிடம் நீட்டினேன், அவர் வாங்கவில்லை. அவ்வளவுதான் நான் செய்தது. அவர் போனதும் அண்ணி உன் ஸ்பானர் பெட்டியை எடுத்துப் போய்க் கட்டிலுக்கடியில் தள்ளினார்கள். "இனிமே இத யாரும் தொட வாணாம்" என்றார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அண்ணி சர்ச்சுக்குப் போனதும் அந்தப் பெட்டியை வெளியே இழுத்தேன். நாலில் ஒன்று உன் வண்டியிலேயே இருந்தது. நீ போனபிறகும் அண்ணியின் தம்பி வாரத்துக்கு இரண்டு தடவை ஓட்டிக்கொண்டிருந்தான். அந்த பாட்டிலைக் கழற்றி மூடியைத் திறந்தேன். ஃபோம் இல்லை. கறுப்பாக, கொழகொழவென்று கெட்டிக் கூழ் மாதிரி ஏதோ இருந்தது. சூட்டு ஆயிலில் ஃபோம் ஊறி உப்பி, காற்று போகிற ஓட்டையை அடைத்திருந்தது. ஊதிப் பார்த்தேன். ஒரு துளி காற்றுகூட வெளியே வரவில்லை. போக வழி இல்லாத காற்று என்ன செய்யும்? குழாயைப் பிடுங்கிக்கொண்டு ஆயிலோடு டயர்மேல் அடிக்கும். இம்தியாஸ் பாய்க்கு அதுதான் நடந்திருக்கிறது.

மீதி இரண்டு. ஒன்று குடியாத்தத்தில் லுங்கித் தறி வைத்திருக்கிற வேலுவிடம். உடனே போன் போட்டேன். வண்டியை ஸ்டார்ட் பண்ணிக் குழாயைக் கொஞ்சம் உருவச் சொன்னேன். போனைப் பக்கத்தில் வைத்துவிட்டு உருவினார். புஸ்ஸென்ற சத்தம் எனக்கே கேட்டது.

"இன்னாம்மா இது, டயர் டியூபு மாதிரி காத்து வருது?" என்றார்.

"கழட்டிடுங்கண்ணே. இப்பவே கழட்டிடுங்க" என்றேன்.

இன்னொன்று கோபாலிடம். உன் ஃபேக்டரியில் தோல் டிரம்மில் வேலை செய்கிற பையன், உன்னைத் தவிர யார் பேச்சையும் கேட்காதவன். அவன் போன் போகவில்லை. அவன் அம்மாவுக்குப் போட்டேன்.

"அவன் ஏலகிரிக்குப் போய்ட்டானேம்மா. எம் மருமவ தேவியோட சித்தி வூட்டுக்கு. கொழந்தையத் தூக்கினு வண்டிலதான் போனாங்க."

"எப்ப போனாங்க?"

"இட்லி சாப்ட்டு ஒடனே."

ஏலகிரி என்றதும் எனக்கு அந்தக் கொண்டை ஊசி வளைவுகள்தான் கண்ணில் வந்தன. மேலே ஏற ஏற இன்ஜின் சூடாகும், காற்றும் ஜாஸ்தி ஆகும். ஸ்கூட்டரை எடுத்தேன். துப்பட்டாவை இடுப்பில் கட்டிக்கொண்டேன். வாணியம்பாடி வரைக்கும் லாரிக்கு நடுவில் எப்படிப் போனேன் என்று எனக்கே தெரியவில்லை. மூன்று இடத்தில் நிறுத்தி அவன் நம்பருக்கு அடித்தேன். மூன்று தடவையும் தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது.

மலையடிவாரத்து டீக்கடையில் கேட்டேன். "பழைய பெரிய வண்டி. பின்னாடி கைக்குழந்தையோட ஒரு பொண்ணு."

"அது ஏறி அரைமணி ஆயிடுச்சே" என்றார் டீ ஆற்றுகிறவர்.

முதல் இரண்டு வளைவில் ரோடு சுத்தமாக இருந்தது. மூன்றாவது தாண்டியதும் ஒரு சொட்டு பார்த்தேன். கொஞ்சம் தள்ளி இன்னொன்று. அது வேறு வண்டியுடையதாகவும் இருக்கலாம் என்று சொல்லிக்கொண்டேன். ஆறாவது வளைவில் சொட்டுகள் சேர்ந்து கோடாகிவிட்டன. ஏழாவது வளைவில் ஒரு கும்பல் தடுப்புச் சுவர்மேல் சாய்ந்து கீழே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. என் கை பிரேக்கை அழுத்தவில்லை, அண்ணா, வண்டி தானாகவே நின்ற மாதிரி இருந்தது. "இன்னா ஆச்சு?" என்று கேட்டேன். ஒரு அம்மா திரும்பி, "கொரங்கு குட்டி போட்டிருக்கு பாரு" என்றாள்.

ஒன்பதாவது வளைவில் அவர்கள் இருந்தார்கள். தேவி சுவர் ஓரமாகக் குழந்தையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள். கோபால் குந்தியபடி, கழன்ற குழாயைத் திரும்ப மாட்டி, கம்பியால் இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தான். அவனுக்குப் பின்னால் ரோட்டில் டயர் வழுக்கிய தடம் வளைந்து சுவர்வரைக்கும் போயிருந்தது. சுவருக்கும் தடத்துக்கும் நடுவே ஒரு ஜாண்கூட இல்லை.

"பியூலாக்கா? நீ இங்க இன்னா பண்ற?" என்றான்.

"வண்டிய எடுக்காத கோபாலு."

"ஒண்ணும் இல்லக்கா. குழா கழண்டுக்கிச்சு. கம்பி போட்டு டைட் பண்ணிட்டேன், இனிமே வராது." எழுந்து கிக்கரில் காலை வைத்தான். "தேவி, ஏறு."

நான் போய் அவன் காலுக்கும் வண்டிக்கும் நடுவில் நின்றேன். "அந்த டப்பா சரியில்ல. நேத்து ஜமீல் பாய் குரூப்புல சொன்னாரே, கேக்கலியா?"

"கேட்டேன். நம்பல." அவன் முகம் கடுத்துவிட்டது. "சாமு அண்ணன் செஞ்சது தப்பாவாதுக்கா. இம்தியாஸ் பாய் சரியா மாட்டியிருக்க மாட்டாரு. எல்லாரும் கழட்டட்டும், நான் கழட்ட மாட்டேன். நீ அவரோட தங்கச்சி, நீயே இப்டி சொல்ற?"

அப்போதுதான் எனக்கு முழுசாக உறைத்தது. உன்மேல் வைத்த நம்பிக்கையில் அவன் பொண்டாட்டி பிள்ளையோடு அந்த மலையில் ஏறியிருக்கிறான். வெள்ளிக்கிழமையே நான் வாயைத் திறந்திருந்தால் கழற்றியிருப்பான். உன் பேரைக் காப்பாற்ற நினைத்து அவன் அந்தச் சுவர் ஓரம்வரைக்கும் வந்துவிட்டான். உன் பேருக்குப் பின்னால் நான் ஒளிந்துகொண்டிருந்தேன்.

"அண்ணன் செய்யல" என்றேன். "இந்த நாலும் நான் செஞ்சது. நாருக்கு பதிலா ஃபோம் வெச்சேன். அண்ணங்கிட்ட நாருன்னு பொய் சொன்னேன். அவருக்குத் தெரியாது."

கோபால் ஒரு அடி பின்னால் நகர்ந்தான். தேவி குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து வந்தாள். சுவரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "எப்பலேர்ந்து தெரியும் உனக்கு?" என்று கேட்டாள்.

"வெள்ளிக்கெழமலேர்ந்து."

அவள் திரும்பிப் போய் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள்.

பாட்டிலைக் கழற்றினோம். கை சுட்டது. குழாயை டயரைவிட்டு விலக்கித் தரையைப் பார்க்கத் தொங்கவிட்டோம். மேலே ஒரு கடையில் சோப்புத்தூள் வாங்கி வந்து டயரைக் கழுவினேன். என் துப்பட்டாவாலேயே துடைத்தேன். தேவியையும் குழந்தையையும் ஸ்கூட்டரில் ஏற்றி அவள் சித்தி வீட்டில் விட்டேன். கோபால் நடக்கிற வேகத்தில் பின்னால் வந்தான். கிளம்பும்போது, "அண்ணன் தப்பு பண்ணலன்றது மட்டும் எனக்கு சந்தோசம்" என்றான். அவன் என்னைப் பார்த்துச் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்து அண்ணியிடம் சொன்னேன். அடிப்பார்கள் என்று நினைத்தேன். அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டார்கள். "நேத்து நான் கையெடுத்துக் கும்பிட்டப்ப நீ பக்கத்துல நின்ன" என்றார்கள். அப்புறம் முகம் கழுவிக்கொண்டு வந்து சொன்னார்கள். "மொதல்ல ஆஸ்பத்திரிக்குப் போ. அப்புறம் எழுது. அவருக்கு எழுது. ஆனா எல்லாரும் படிக்கிற மாதிரி எழுது."

இம்தியாஸ் பாய் கட்டுப்போட்ட காலைத் தூக்கி வைத்துப் படுத்திருந்தார். ஜமீல் பக்கத்தில் இருந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். ஜமீல் தலையைக் குனிந்துகொண்டார். பாய் மட்டும் கேட்டார்:

"ரெண்டு நாளா சொல்லாம இன்னா பண்ணினு இருந்த?"

"பயந்துட்டேன் பாய்."

"நான் கூடத்தான் பயந்தேன். வண்டி காலு மேல விழுந்தப்போ." முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். அப்படியே, "சாமு எங்கிட்ட ஒரு வேலையும் அரைகுறையா செஞ்சதில்ல. படுத்துக்கினே அதத்தான் யோசிச்சினு இருந்தேன். எங்க இடிக்குதுன்னு புரியல" என்றார். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

திங்கள் முதல் இன்று வரைக்கும் வேலை முடிந்து தினமும் போய், உன் கையால் செய்த ஏழையும் திறந்து பார்த்துவிட்டேன், அண்ணா. ஏழிலும் நார் அப்படியே இருக்கிறது. ஏழிலும் காற்று போகிறது. அடியில் ஆயில் தங்கியிருக்கிறது. வண்டிக்காரர்கள் முன்னாலேயே ஊதிக் காட்டினேன். படிக்கிற எல்லாரும் தெரிந்துகொள்ளுங்கள்: சாமுவேல் செய்தது ஏழு, பழுதில்லை. பழுதான நாலும் அவர் தங்கை செய்தது. அந்த நாலையும் வாங்கி வந்து சுத்தியலால் நசுக்கிவிட்டேன்.

அடுத்த மாதம் இம்தியாஸ் பாயை வேலூர் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் எலும்பு கூடியிருக்கிறதா என்று பார்க்க வேண்டுமாம். ஆட்டோ வைத்து நானே கூட்டிப்போகிறேன் என்றேன். "பாக்கலாம்" என்றார். அது சரி என்பதா, வேண்டாம் என்பதா, எனக்குத் தெரியவில்லை. அவர் கூப்பிட்டாலும் கூப்பிடாவிட்டாலும் அன்றைக்குக் காலையில் அவர் வாசலில் போய் நிற்பேன். திருப்பி அனுப்பினால் அடுத்த தடவையும் போவேன். அவர் தன் காலால் ஃபேக்டரிக்குள் நடந்து போகிற வரைக்கும் போவேன். இது உனக்கு நான் கொடுக்கிற வாக்கு.

உன் கூடப்பிறந்தவள்,
தங்கச்சி பியூலா